வட்டில் இடமின்மை: காரணமும் பரிகாரமும்

தோற்றுவாய்

வீடு கட்டுவோன் தன் குடும்பத்துக்கு வேண்டும் அறைகளை எண்ணியே கட்டுகின்றான். குடிபுகுந்து பத்தாண்டு கழிந்தபின் பார்ப்பின், பரண் நிறைந்து, மூலைகள் நிறைந்து, நடக்க வழியின்றி நிற்கின்றான். அடைந்து கிடப்பவற்றுள் வேண்டுவன சில, வேண்டாதன பல. எது எவ்விடத்துளது என்று அறியாமையே அவனது இடுக்கணுக்குக் காரணமன்றி, வீட்டின் சிறுமை அன்று. கணினியின் வட்டும் இத்தகையதே. லினக்ஸ் இயக்குதளம் அமைந்த கணினியொன்றில் இடம் எவ்வாறு வீணாகின்றது, அதனைக் கண்டறிவது எங்ஙனம், தீங்கின்றி மீட்பது எங்ஙனம் என்பனவற்றை மாணாக்கர்க்குப் பயன்படுமாறு இக்கட்டுரையிற் சுருக்கமாகக் கூறுவாம்.

முதற்கண் ஒரு நிகழ்ச்சியைச் சொல்லவேண்டும். சில ஆண்டுகளுக்கு முன், ஆய்வுரை சமர்ப்பிக்கவேண்டிய நாளுக்கு முந்திய மாலையில், எமது ஆய்வுக்கூடத்து மாணாக்கர் ஒருவர் என்பால் ஓடிவந்தார். தாம் எழுதிய அதிகாரத்தைச் சேமிக்க முயன்றபோது, சாதனத்தில் இடமில்லை என்று கணினி மறுத்துவிட்டதென்றும், கோப்பைத் திறந்து பார்த்தால் அது வெறுமையாய்க் கிடக்கின்றதென்றும் கூறினார். யான் வேறோர் அலுவலில் ஈடுபட்டிருந்தமையால், "பெரிதாயிருப்பது எதுவோ அதனை அழித்துவிடும்" என்று சொல்லியனுப்பினேன். அவர் மிகப் பெரியதொரு பதிவுக் கோப்பைக் கண்டு அழித்தார்; இடம் சிறிதும் பெருகவில்லை. அடுத்துப் பெரிதாயிருந்தது, ஈராண்டுகளாக அவர் சேகரித்த அளவைகள் அடங்கிய அடைவு. வேறொரு வட்டில் அதற்குப் படியுண்டு என்னும் நம்பிக்கையால் அதனையும் அழித்தார், இடம் உண்டாயிற்று. படியும் இருந்தது, ஆயினும் அது ஏழு திங்களுக்கு முந்தியது. அவ்வடைவை அழிக்கவேண்டிய தேவையே இருந்ததில்லை என்பது மறுநாட் காலையிற்றான் விளங்கிற்று. அதன் காரணத்தை உரிய இடத்திற் காண்பாம்.

அளவை இரண்டு

அழித்தற்குமுன் அளத்தல் வேண்டும். இவ்வுண்மையை இயக்குதளங்களை ஆக்கியோர் தொடக்கத்திலேயே உணர்ந்திருந்தனர். லினக்ஸின் கருவகத்தை ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்து மாணாக்கராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991ஆம் ஆண்டில் வெளியிட்டார். அதற்கு முன்மாதிரியாய் நின்ற யூனிக்ஸின் முதற் பதிப்பு 1971ஆம் ஆண்டினது. அம்முதற் பதிப்பிலேயே இடத்தை அளக்கும் கட்டளைகள் இரண்டும் இருந்தன. யூனிக்ஸ் குடியேறிய முதற் பிடிபி-11 பொறியின் வட்டு 512 கிலோபைட் கொள்ளளவே உடையது. இக்காலத்துக் கைப்பேசியில் எடுக்கும் நிழற்படம் ஒன்றே பெரும்பாலும் அதனுள் அடங்காது. இடம் அரிதாயிருந்த காலத்திற் பிறந்த அக்கட்டளைகள் இன்றும் அப்பெயராலேயே வழங்குகின்றன. அவை டிஎப் என்பதும் டியூ என்பதுமாம். இவற்றையும் பின்வரும் கட்டளைகளையும் முனையத்தில் ஆங்கிலச் சிற்றெழுத்துக்களால் தட்டவேண்டும். ஈண்டு ஒலிபெயர்த்தே எழுதுகின்றோம்.

இவ்விரண்டும் ஒன்றையே அளப்பனபோலத் தோன்றினும், அளக்கும் முறை வேறு. ஒரு நெற்களஞ்சியத்தை நினைத்துக்கொள்க. கணக்கன் ஏட்டைப் புரட்டி, கொள்ளளவு இவ்வளவு, செலவானது இவ்வளவு, எஞ்சியது இவ்வளவு என்று நொடியிற் சொல்லிவிடுவான். டிஎப் அக்கணக்கனைப் போன்றது; கோப்பமைப்பு வைத்திருக்கும் ஏட்டை நோக்கி விடை தருகின்றது. மற்றொருவன் அறைதோறும் புகுந்து மூட்டைகளை எண்ணிக் கூட்டுவான். டியூ அவனைப் போன்றது. அடைவு அடைவாய் நடந்து, கோப்புக்கள் கொண்டுள்ள இடத்தைக் கூட்டுகின்றது. ஆதலின் காலம் பிடிக்கும். ஏட்டுக் கணக்கும் எண்ணிய கணக்கும் பெரும்பாலும் ஒத்திருக்கும். ஒவ்வாதபோது அவ்வேறுபாடே நமக்கு ஒரு செய்தியைத் தருகின்றது. இதனை மறவற்க.

தேடும் முறை

முதலில், டிஎப் என்று எழுதி, ஓர் இடம் விட்டுச் சிறுகோடும் எச் என்னும் எழுத்தும் சேர்த்து இடுக. எச் என்பது அளவுகளை மக்கள் படிக்கத்தக்க கிகாபைட், மெகாபைட் முதலிய அலகுகளிற் காட்டும். ஒவ்வொரு பகிர்வும் எத்துணை விழுக்காடு நிறைந்துளது என்பது அட்டவணையாய்த் தோன்றும். ஒரு கணினியில் பல பகிர்வுகள் இருக்கலாம். நிறைந்திருப்பது எது என்று தெளிந்த பின்னரே மேற்செல்லவேண்டும். வேறொரு பகிர்வில் எவ்வளவு அழிப்பினும் நிறைந்த பகிர்வுக்கு அணுவளவும் பயனில்லை.

இரண்டாவதாக, நிறைந்த பகிர்வின் தலையிலிருந்து ஒரு படி ஆழத்துக்கு அளக்கவேண்டும். அதற்குரிய கட்டளை வருமாறு:

சுடோ டியூ -எக்ஸ்எச் --மாக்ஸ்-டெப்த்=1 / | சார்ட் -எச்

இதன் உறுப்புக்களை விளக்குவாம். சுடோ என்பது மேலாளர் உரிமையுடன் ஏவுதல். அஃதின்றேல் நாம் நுழையத் தகாத அடைவுகள் கணக்கில் விடுபட்டுப்போம். எக்ஸ் என்பது ஒரு கோப்பமைப்பின் எல்லையைக் கடவாதே என்னும் ஆணை. ஆழத்தை ஒன்றென வரையறுத்தமையால், முதற்படி அடைவுகளின் கூட்டுத்தொகை மட்டும் தோன்றும். சார்ட் என்பது அத்தொகைகளைச் சிறியதிலிருந்து பெரியதாக நிரல்படுத்தும். மிகப் பெரியது கடைசி வரிக்கு முன்வரியில் நிற்கும், கடைசி வரி மொத்தத் தொகையாதலின். அப்பெரிய அடைவைத் தலையாகக் கொண்டு அதே கட்டளையை மறுபடி இடுக. இங்ஙனம் நான்கைந்து முறை இறங்கினால், இடத்தை விழுங்கியது இன்னதென்று பெரும்பாலும் வெளிப்பட்டுவிடும்.

இவ்வேலையை எளிதாக்க என்சிடியூ என்னும் கருவியுண்டு. அது ஒரே முறை அளந்து, அம்புக்குறி விசைகளால் அடைவுதோறும் உலவ இடந்தரும். சாளரத்திற் படமாகக் காண விரும்புவோர், குநோம் சூழலில் பாவோபாப் என்பதையும், கேடிஇ சூழலில் பைல்லைட் என்பதையும் பயன்படுத்தலாம். இவை வளையங்களாய் வரைந்து காட்டுதலின், கட்டளைகளிற் பழக்கமில்லாதாரும் பெரிய அடைவைக் கண்டுகொள்வர்.

குப்பை சேரும் இடங்கள்

அநுபவத்தால் நோக்குமிடத்து, வீணான இடம் பெரும்பாலும் சில குறித்த இடங்களிலேயே சேர்கின்றது.

முதலாவது, பொதிகளின் சேமிப்பு. டெபியன், உபுண்டு வகையினவற்றில், நிறுவுவதற்கென இறக்கிய பொதிகள் /வார்/கேஷ்/ஆப்ட்/ஆர்க்கைவ்ஸ் என்னுமிடத்தில் தங்கலாம். நிறுவியபின் அவற்றால் ஆவது யாதுமில்லை. சுடோ ஆப்ட் கிளீன் என்னும் கட்டளை அவற்றை நீக்கும். பெடோராவில் இதற்கு டிஎன்எப் கிளீன் ஆல் என்பது வழக்கு. ஒரு பொதிக்குத் துணையாய் வந்து, அப்பொதி போனபின்னும் எஞ்சிக்கிடப்பன சில உண்டு. சுடோ ஆப்ட் ஆட்டோரிமூவ் என்பது அவற்றைக் களையும்; அது காட்டும் பட்டியலை வாசித்தன்றி இசைவு கொடாதிருத்தல் நன்று.

இரண்டாவது, பழைய கருவகங்கள். புதுப்பிக்குந்தோறும் புதிய கருவகம் வருகின்றது. பழையதும் ஆபத்துக்கு உதவுமென்று நிறுத்திவைக்கப்படுகின்றது. /பூட் என்பது தனிப் பகிர்வாயும் சிறிதாயும் அமைந்துள்ள கணினிகளில், இவை குவிந்து மேலும் புதுப்பிக்கவொட்டாது தடுக்கும். மேற்சொன்ன ஆட்டோரிமூவ் பழையனவற்றை முறைப்படி நீக்கும். கையால் தேடி அழித்தல் கூடாது. யூநேம் -ஆர் என்று வினவின் இப்போது ஓடுங் கருவகம் இன்னதென்று அறியலாம். அதனை அழித்தவன் தான் அமர்ந்த கிளையை வெட்டியவனாவான்.

மூன்றாவது, பதிவேடுகள். கணினி தன் செயல்களை /வார்/லாக் என்னும் அடைவில் எழுதிவைக்கின்றது. லாக்ரோட்டேட் என்னும் ஏற்பாடு பழையனவற்றைச் சுருக்கியும் கழித்தும் வரும். ஆயினும் பழுதுற்ற நிரல் ஒன்று நொடிக்கு ஆயிரம் முறை ஒரே பிழையை எழுதத் தொடங்குமாயின், ஓர் இரவில் வட்டு முழுதும் நிறைந்துவிடும். அந்நிலையில் பதிவேட்டை அழித்தல் அழுகையை அடக்குதலேயன்றி நோயைத் தீர்த்தலன்று. பிழை யாதென்று அதன் கடைசி வரிகளை முதலில் வாசிக்கவேண்டும். சிஸ்டம்டி உடைய கணினிகளில் ஜர்னல் என்னும் பதிவேடும் உண்டு. அது வேறு கட்டளையில்லாவிடத்துத் தன் கோப்பமைப்பில் நூற்றுக்குப் பத்து, மிகினும் 4 கிகாபைட் என்னும் வரையறைக்குள் நிற்கும். ஜர்னல்சிடிஎல் --டிஸ்க்-யூசேஜ் என்று கேட்டால் அது கொண்ட இடத்தைச் சொல்லும்; ஜர்னல்சிடிஎல் --வாக்கும்-சைஸ்=200எம் என்றால் பழைய பதிவுகளை நீக்கி, ஏறத்தாழ 200 மெகாபைட்டுக்குக் குறைத்துக்கொள்ளும்.

நான்காவது, பயனர்தம் இல்லடைவு. புள்ளியிற் பெயர் தொடங்கும் அடைவுகள் சாதாரணமாய்க் கண்ணுக்குப் புலப்படா. அவற்றுள் .கேஷ் என்பது உலாவி முதலியவை மீண்டும் உண்டாக்கத்தக்க பொருளைச் சேர்த்துவைக்குமிடம். நிரல்களை மூடிவிட்டு இதனைக் களையலாம். குப்பைத்தொட்டியில் இட்டவையும் அழிந்தனவல்ல; .லோக்கல்/ஷேர்/டிராஷ் என்னுமிடத்தில் அவ்வளவு இடத்தையும் கொண்டே கிடக்கின்றன. தொட்டியைக் காலிசெய்தாலன்றி இடம் மீளாது.

ஐந்தாவது, டாக்கர் முதலிய கொள்கலன் ஏற்பாடுகள். டாக்கர் சிஸ்டம் டிஎப் என்று கேட்டு, படிமங்களும் தொகுதிகளும் கொண்ட இடத்தை அறிந்த பின்னரே, டாக்கர் சிஸ்டம் புரூன் என்பதைக் கையாள்க. நின்றுபோன கொள்கலன்களையும் அது நீக்கிவிடும். அவற்றுள் வேண்டிய பொருள் யாதும் எழுதப்பட்டிருந்தால் அதுவும் உடன்போம்.

கண்ணுக்குப் புலப்படாச் செலவுகள்

இனி, ஏட்டுக் கணக்கும் எண்ணிய கணக்கும் ஒவ்வாத இடங்களைக் காண்பாம். இப்பகுதியே நுணுக்கமானது, முற்கூறிய நிகழ்ச்சிக்கு விடையும் ஈண்டே உளது.

லினக்ஸில் கோப்பு வேறு, கோப்பின் பெயர் வேறு. கோப்பின் உரிமை, அளவு, அது வட்டிற் கிடக்குமிடம் ஆகியவை ஐநோடு என்னும் குறிப்பில் அடங்கும். பெயரோ அடைவில் எழுதப்பட்டு, அந்த ஐநோடைச் சுட்டி நிற்கும். ஆர்எம் என்னும் கட்டளை அழிப்பது பெயரை. சுட்டும் பெயர் ஒன்றும் எஞ்சாமலும், அக்கோப்பைத் திறந்து வைத்திருக்கும் நிரல் ஒன்றும் இல்லாமலும் போன பின்னரே இடம் விடுதலையாகும். வாயிலில் மாட்டிய பெயர்ப்பலகையைக் கழற்றியதனாலேயே குடியிருப்போன் வெளியேறிவிட்டான் என்று கொள்ளலாமோ? பதிவேட்டின் பெயரை அம்மாணாக்கர் அழித்தார். அதை எழுதிக்கொண்டிருந்த நிரலோ அதனைத் திறந்தபடியே மேலும் எழுதிக்கொண்டிருந்தது. ஆகவே டியூவின் கண்ணில் அக்கோப்பு மறைந்தது; டிஎப்பின் ஏட்டில் செலவு குறையவேயில்லை. மறுநாள் கணினியை நிறுத்தித் தொடங்கியபோது அந்நிரல் முடிவுற்றது. அறுபது கிகாபைட்டுக்கு மேற்பட்ட இடம் தானே மீண்டது. முதல் நாள் மாலையில் அந்நிரலொன்றை நிறுத்தித் தொடங்கியிருந்தால் ஈராண்டு உழைப்பின் பெரும்பகுதி எஞ்சியிருக்கும்.

இந்நிலையைக் கண்டறியும் கட்டளை: சுடோ எல்எஸ்ஓஎப் +எல்1. பெயரிழந்தும் திறந்திருக்குங் கோப்புக்களையும், அவற்றைப் பற்றிநிற்கும் நிரல்களையும் இது காட்டும். அந்நிரலை முறைப்படி நிறுத்தித் தொடங்குதலே பரிகாரம். ஓடும் நிரலின் பதிவேடு வளர்ந்துவிட்டதாயின், அதை அழித்தலினும் டிரங்கேட் -எஸ் 0 என்னும் கட்டளையால் அதன் அளவைச் சுழியாக்குதல் தக்கது; பெயரும் நிற்கும், இடமும் மீளும்.

இரண்டாவது மறைவு, பொருத்துமிடத்தின் கீழ் மறைந்த கோப்புக்கள். புறவட்டில் நாடோறும் படியெடுக்க ஏற்பாடு செய்திருப்போம். ஒருநாள் அவ்வட்டைப் பொருத்த மறந்துவிடின், படிகள் அவ்வெற்று அடைவிலேயே, அஃதாவது உள்வட்டிலேயே, எழுதப்படும். பின்னர்ப் புறவட்டைப் பொருத்தியவுடன், பாய்விரித்தாற்போல அது மேலே படிந்து கீழுள்ளதை மறைத்துவிடும். மவுண்ட் --பைண்ட் / /எம்என்டி என்னும் கட்டளையால் தலையடைவை வேறோரிடத்திற் காட்டச் செய்து, அங்கே அளப்பின் மறைந்தன வெளிப்படும். வேலை முடிந்ததும் அப்பிணைப்பை அவிழ்க்க மறவற்க.

மூன்றாவது, ஐநோடு தீர்ந்துபோதல். இடம் மிகுதியாயிருந்தும் இடமில்லை என்று கணினி சொல்லுமாயின், டிஎப் -ஐ என்று கேட்கவேண்டும். எக்ஸ்ட்4 கோப்பமைப்பில் ஐநோடுகளின் தொகை அதனை அமைக்குங்கால் வரையறுக்கப்படுகின்றது. வழக்கமான அளவு 16,384 பைட்டுக்கு ஒன்று. 100 கிகாபைட் பகிர்வுக்கு, 1024இன் மடங்காகக் கணக்கிடின், 65,53,600 ஆகும். மிகச் சிறிய கோப்புக்கள் இலட்சக்கணக்கிற் பெருகினால் இத்தொகை முன்னரே தீர்ந்துவிடும். சிறு கோப்புக்களால் வேறொரு நட்டமும் உண்டு. வட்டு 4,096 பைட் கொண்ட கட்டங்களாகப் பகுக்கப்பட்டிருத்தலின், நூறு பைட் கோப்பும் ஒரு முழுக்கட்டத்தைக் கொள்ளும். அத்தகைய கோப்புக்கள் பத்து இலட்சமாயின், பொருள் பத்துக் கோடி பைட். கொண்ட இடமோ நானூற்றொன்பது கோடியே அறுபது இலட்சம் பைட். அவற்றை ஒரே பேழைக் கோப்பாகக் கட்டிவைத்தல் இதற்கு மருந்து.

நான்காவது, ஒதுக்கீடு. எக்ஸ்ட்4 முதலியவற்றில் நூற்றுக்கு ஐந்து பங்கு மேலாளர்க்கென ஒதுக்கப்பட்டிருக்கும். ஏனையோர் இடமின்றித் திகைக்கும்போதும் மேலாளர் உட்புகுந்து சீர்செய்தற்கு இஃது உதவும். ஆதலின் இயக்குதளமுள்ள பகிர்வில் இதனை விட்டுவைத்தலே அறிவுடைமை. தரவு மட்டும் வைக்கும் 1,000 கிகாபைட் வட்டிலோ ஐம்பது கிகாபைட் முடங்கிக் கிடத்தல் மிகை. டியூன்2எப்எஸ் -எம் 1 என்பதால் ஒதுக்கீட்டை நூற்றுக்கு ஒன்றாக்கலாம்.

இவற்றோடு, 500 கிகாபைட் என விலைகூறிய வட்டு 465 என்றே தோன்றக் கண்டு மயங்குவாரும் உளர். விற்போர் ஆயிரத்தின் மடங்காலும், கணினி 1024இன் மடங்காலும் எண்ணுதலே இவ்வேறுபாட்டுக்குக் காரணம், எவரும் களவாடியதன்று.

கைக்கொள்ளத்தக்க நெறிகள்

ஒன்று: அழிக்குமுன் அப்பொருள் யாருடையது, மீண்டும் உண்டாக்கத்தக்கதோ என்னும் இரண்டையும் வினவுக. சேமிப்பும் பொதிகளும் மீளும். அளவைகளும் எழுத்தும் மீளா. பெரிது என்பது குற்றமன்று.

இரண்டு: ஆர்எம் கட்டளைக்குக் குப்பைத்தொட்டி இல்லை. "டெம்ப்*" என்று எழுதக் கருதினோன், இடையில் ஓர் இடம் விட்டு "டெம்ப் *" என்று எழுதிவிடின், டெம்ப் எனத் தொடங்குவன மட்டுமன்றி அவ்வடைவிலுள்ள கோப்புக்கள் பலவும் போம். ஆதலின் முதலில் எல்எஸ் என்பதோடு அப்பெயரை இட்டு, வருவன எவையென்று பார்த்து, பின்னரே ஆர்எம் இடுக.

மூன்று: இடம் அவசரமாய் வேண்டின், ஐயத்துக்குரியதை அழியாது வேறு வட்டுக்கு நகர்த்துக. அழித்தலைப் பின்னரும் செய்யலாம்.

நான்கு: படி உண்டு என்று எண்ணுவது போதாது, படியைத் திறந்து, அதன் நாளை நோக்குக.

ஐந்து: பகிர்வு நூற்றுக்கு எண்பது நிறைந்தபோதே பார்வையிடத் தொடங்குக. முற்றும் நிறைந்த வட்டின்முன் அமைதியாய் எண்ணுதல் அரிது. தவறுகள் அப்போதே நிகழ்கின்றன.

முடிவுரை

இதுகாறுங் கூறியவாற்றால், வட்டில் இடமின்மை பெரும்பாலும் இடத்தின் குறையன்று, கணக்கின் குறையே என்பது விளங்கும். ஏட்டைப் பார்த்து, அறையை எண்ணி, இரண்டும் ஒவ்வாவிடில் காரணம் வினவி, அதன்பின் கைவைப்போனுக்கு இழப்பு நேர்வது அரிது.

அம்மாணாக்கர் பின்னர் எட்டுத் திங்கள் உழைத்து, விட்டுப்போன அளவைகளை மீண்டும் எடுத்து ஆய்வுரையைச் சமர்ப்பித்தார். என்னை அவர் ஒருகாலும் நொந்துகொண்டதில்லை. ஆயினும், அன்று மாலை என் அலுவலைச் சிறிது நிறுத்தி அவருடன் சென்றிருந்தால் கால்மணியில் முடிந்திருக்கும் காரியம் அது. உதவி கேட்டு வருவோர்க்கு விடையை மட்டும் சொல்லியனுப்பாது, உடன் சென்று பார்க்கவேண்டும் என்பதை அந்நிகழ்ச்சி எனக்குக் கற்பித்தது. இக்கட்டுரையை வாசிக்கும் மாணாக்கர் இன்றே ஒருமுறை டிஎப் -எச் என்று தம் கணினியை வினவிப் பார்ப்பாராக.